பைண்டு செய்த தொடர்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இதழில் வரும் தொடர்கதையை வாராவாரம் தனியே எடுத்து அடுக்கி வைத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தடிமனான புத்தகமாக்கிக்கொள்வது தமிழ் வீடுகளில் நெடுநாள் இருந்த பழக்கம். பாட்டியின் டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் பழைய பேப்பர் கடையிலும் இந்தப் புத்தகங்கள் இன்றும் அகப்படுகின்றன. ஒன்று கைக்கு வந்தவர்களும், தேடி வாங்குகிறவர்களும், தாங்களே பைண்டு செய்ய நினைப்பவர்களும் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அந்தக் கதைகளெல்லாம் இப்போது புத்தகமாகவே கிடைக்கின்றனவே. பழைய பைண்டிங் எதற்கு?

முதல் காரணம் ஓவியம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’ இதழில் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் மணியம். வந்தியத்தேவன் இப்படித்தான் இருப்பான், நந்தினியின் கொண்டை இப்படித்தான் இருக்கும் என்று ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்தது அந்தக் கோடுகளால்தான். இன்று கடையில் கிடைக்கும் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் ஒரு படம்கூட இல்லை.

இரண்டாவது, புத்தகமாகும்போது உதிர்ந்துபோகும் சமாசாரங்கள். முன்கதைச் சுருக்கம், அத்தியாய முடிவில் வரும் ‘தொடரும்’, ஆசிரியர் வாசகருக்கு எழுதிய நாலு வரிக் குறிப்பு, பக்கத்தின் மறுபுறம் அச்சான சோப்பு விளம்பரம், துணுக்கு, சினிமா ரிலீஸ் செய்தி. எழுத்தாளர்கள் நூலாக்கும்போது வரிகளை வெட்டுவதும் சேர்ப்பதும் உண்டு. ஆகவே பைண்டிங்கில் இருக்கும் பாடமும் புத்தகத்தில் இருக்கும் பாடமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரு தொடர்கதை முதலில் எப்படிப் படிக்கப்பட்டதோ அதற்கு மிச்சமிருக்கும் சாட்சிகளில் ஒன்று இந்தப் பைண்டிங். கீழே சொல்லும் ‘இதைச் செய்யாதீர்கள்’ எல்லாம் அந்தச் சாட்சியைக் கலைக்காமல் இருப்பதற்காகத்தான். விளம்பரப் பக்கம் என்று எந்தத் தாளையும் தூக்கிப் போட வேண்டாம்.

என்னிடம் உள்ளது எந்த வருடத்துத் தொடர் என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பல தொடர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெளியாகியிருக்கின்றன, ஒவ்வொரு முறையும் வேறு ஓவியர் படத்தோடு. எனவே கதையின் பெயரை வைத்து வருடத்தை முடிவு செய்ய முடியாது. ஓவியத்தின் மூலையில் உள்ள கையொப்பத்தை முதலில் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பி விளம்பரங்களைப் படியுங்கள்.

விலை ரூபாய்-அணா-பையில் இருந்தால் 1957-க்கு முன்போ அதை ஒட்டியோ வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தசமக் காசு நடைமுறைக்கு வந்தது. சில காலம் இரண்டும் கலந்து புழங்கின. ‘ந.பை.’ (நயா பைசா) என்று போட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம், ஏனெனில் 1964 ஜூனில் ‘நயா’ என்ற அடைமொழி எடுக்கப்பட்டது. முகவரியில் ‘மதராஸ் ராஜ்யம்’ என்றோ ‘சென்னை மாநிலம்’ என்றோ வந்தால் 1969-க்கு முன். ‘சென்னை-2’ என்று சிறிய எண் மட்டும் இருந்து ஆறு இலக்கப் பின்கோடு இல்லாவிட்டால் பெரும்பாலும் 1972 ஆகஸ்டுக்கு முன். பழக்கம் விடாமல் சிறிய எண்ணையே அச்சிட்ட கம்பெனிகளும் உண்டு, அதனால் இந்த ஒரு சான்றை மட்டும் நம்ப வேண்டாம்.

எழுத்து வடிவமும் உதவும். ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போலச் சுழித்த பழைய வடிவில் இருக்கின்றனவா, ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டிச் சுழிகிறதா என்று பாருங்கள். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது 1978-இல். ஆனால் வணிக இதழ்கள் எல்லாம் மறுநாளே மாறிவிடவில்லை. பழைய எழுத்து இருப்பதால் 1978-க்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது. வார இதழில் சீரான புதிய எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தாளின் மேலோ கீழோ தேதி அச்சாகியிருக்கும் இதழ்கள் உண்டு. பைண்டர் கட்டிங் போட்டதில் அந்த வரி போயிருக்கும். அந்தக் கொடுமை பற்றிக் கீழே வருகிறது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்க எண்ணையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு வாரமும் இதழின் வேறு வேறு பக்கங்களில் கதை வந்திருக்கும் என்பதால் 9-14, பிறகு 21-26, பிறகு 7-12 என்று எண்கள் தாறுமாறாகத்தான் ஓடும். அத்தியாய எண்ணை வரிசையாகப் பாருங்கள். பாகம் மாறும்போது எண் மீண்டும் 1-இல் தொடங்கும். ‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொண்டால் ஐந்து பாகங்களில் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள், ஆக 293. இப்படி ஒரு கணக்கைப் புத்தகப் பதிப்பிலிருந்து குறித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

அடிக்கடி காணாமல் போவது மூன்று இடங்களில்: முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், தீபாவளியை ஒட்டிய வாரங்கள். முதலாவதில் யாருக்கும் இது பைண்டு செய்யத் தகுந்த கதை என்று தெரிந்திருக்காது. கடைசி அத்தியாயம் பின் அட்டை கிழிந்து அதோடு போயிருக்கும். பண்டிகை வாரத்தில் இதழ் அடுத்த வீட்டுக்கு இரவல் போயிருக்கும்.

அடுத்து, முழுப்பக்கப் படங்கள் பிளேடால் எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தாள் எடுக்கப்பட்ட இடத்தில் தையலோரம் ஒரு குறுகிய விளிம்பு நிற்கும், விரலால் தடவினால் தெரியும். பிறகு நடுப்பக்கத்தைத் திறந்து உள்ளோரத்து எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தையலுக்குள் எழுத்து போயிருந்தால் அந்தப் புத்தகத்தைப் பிரிக்காமல் முழுதாகப் படிக்க முடியாது. கடைசியாக முகர்ந்து பாருங்கள். பழைய தாளின் இனிப்பு கலந்த வாசனை பரவாயில்லை. ஈரத்துணி போன்ற பூசண வாடை வந்தால் மற்றப் புத்தகங்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

எங்கே கிடைக்கும்?

சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளிலும், 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பின் சென்ட்ரல் அருகே அமைந்த அல்லிக்குளம் வளாகத்திலும் பழைய புத்தகக்காரர்கள் இருக்கிறார்கள். நந்தனத்தில் நடக்கும் ஜனவரிப் புத்தகக் காட்சி புதுப் புத்தகங்களுக்கானது. ஊர் எதுவானாலும் பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வைப்பதுதான் அதிகம் பலிக்கிறது. ‘பைண்டிங் புக் வந்தால் எடைக்குப் போடாதீங்க அண்ணாச்சி’ என்று சொல்லி, எடை விலைக்கு மேல் தருவதாகவும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் உதிரி இதழ்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தொடரை எப்படிப் பிரித்து எடுப்பது?

முதலில் ஒரு கேள்வி: பிரிக்கத்தான் வேண்டுமா? முழு இதழாக, அட்டையோடு, நல்ல நிலையில் இருந்தால் அப்படியே பெட்டியில் வைப்பது மேல். அட்டை போனது, பாதி கிழிந்தது, இரண்டு பிரதி உள்ளது ஆகியவற்றை மட்டும் பிரியுங்கள்.

கிழித்து எடுக்காதீர்கள். நடுவில் பின் அடித்த இதழ் என்றால் நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரு கால்களையும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, பின்னைப் பின்புறமாக உருவுங்கள். துருப்பிடித்த பின் தாளைக் கிழிக்கும், அதனால் காலை நிமிர்த்தும்போது அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிக்கொள்ளுங்கள். இப்போது தாள்கள் இரட்டைத் தாள்களாகக் கையில் வரும்.

எந்தப் பக்கம் எதோடு ஒட்டியிருக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 64 பக்க இதழில் ஒரே புறத்தில் அச்சான இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 65 வரும். 9-ஆம் பக்கம் 56-ஆம் பக்கத்தோடும், 14-ஆம் பக்கம் 51-ஆம் பக்கத்தோடும் ஒட்டியிருக்கும். ஆக 9 முதல் 14 வரை உள்ள தொடருக்கு மூன்று தாள்கள் எடுத்தால், அவற்றின் மறுபாதியில் 51 முதல் 56 வரையான பக்கங்கள் வரும். அங்கே வேறொரு தொடர் இருந்தால் அதையும் தனியே அடுக்கலாம். மடிப்பின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, புதிய பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். மடிப்பை விட்டு உள்ளே தள்ளி வெட்டினால் தையலுக்கு ஓரம் இருக்காது.

ஒரே தாளின் முன்பக்கத்தில் ஒரு தொடரின் முடிவும் பின்பக்கத்தில் இன்னொரு தொடரின் தொடக்கமும் இருக்கின்றன. என்ன செய்வது?

நீங்கள் அதிகம் மதிக்கும் தொடரில் மூலத்தாளை வையுங்கள். மற்றதற்கு அந்தப் பக்கத்தை மூல அளவிலேயே நகலெடுத்துச் சேருங்கள். நகலின் கீழ் மூலையில் ‘நகல்’ என்று பென்சிலில் எழுதிவிடுங்கள், பின்னால் வருபவர் குழம்பமாட்டார். தாளை முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி என்று இரண்டு ஏடாகப் பிளக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் அது நடக்காது.

பைண்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

வாயால் சொன்னால் மறந்துவிடுவார். துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டின் மேல் ஒட்டிக் கொடுங்கள். மிக முக்கியமானது ‘கட்டிங் வேண்டாம்’. பைண்டிங் கடைகளில் மூன்று ஓரத்தையும் மெஷினில் வெட்டிச் சமன் செய்வது வழக்கம். வெவ்வேறு வாரத்துத் தாள்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கித்தான் இருக்கும். அதைச் சமனாக்கப் போனால் தேதி வரி, பக்க எண், சில சமயம் படத்தின் தலையே போய்விடும். ஓரம் ஏறி இறங்கி இருப்பது அழகில்லை என்று அவர் சொல்லத்தான் செய்வார். பரவாயில்லை என்று உறுதியாக நில்லுங்கள்.

வரிசையை அவரிடம் விடாதீர்கள். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் மெல்லிய பென்சிலில் 1, 2, 3 என்று தொடர் எண் இடுங்கள். வாரத்துக்கு மூன்று தாள் என்றால் ஓராண்டுக்கு 156 தாள்கள். அவை கடையில் ஒரு முறை காற்றில் பறந்தால் பக்க எண்ணை வைத்து யாராலும் மீண்டும் அடுக்க முடியாது. அத்தியாயங்கள் இடம் மாறிய பழைய பைண்டிங்குகள் பலவும் இப்படி உருவானவையாக இருக்கலாம்.

தையல் விஷயம். தனித்தனித் தாள்கள் என்பதால் பைண்டர் ஓரத்தில் துளையிட்டுப் பக்கவாட்டில்தான் தைப்பார். ஓரத்திலிருந்து 5 மி.மீ.-க்கு மேல் உள்ளே போகக் கூடாது என்று சொல்லுங்கள். உள்ளோர வெள்ளை இடம் 12 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் அதுவும் போதாது. அப்போது ஒவ்வொரு தாளின் உள்ளோரத்திலும் 25 மி.மீ. அகலமுள்ள மெல்லிய தாள் பட்டை ஒன்றை ஒட்டி, அந்தப் பட்டையில் தையல் விழுமாறு செய்ய வேண்டும். தாளின் மேல் 3 மி.மீ. மட்டும் ஏறினால் போதும். இந்த வேலையை நீங்களே வீட்டில் செய்து கொடுப்பது நல்லது, கடையில் இதற்குப் பொறுமை இருக்காது.   இரண்டு பக்கங்களில் விரியும் ஓவியம் இருந்தால் அதற்காவது கட்டாயம் பட்டை வேண்டும், இல்லாவிட்டால் குதிரையின் வயிறு தையலுக்குள் போய்விடும்.

புத்தகத்தின் தடிப்பு 4 செ.மீ.-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் திறக்காது, திறந்தால் முதுகு பிளக்கும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு வெற்றுத்தாள்கள், முதுகுக்குக் காலிகோ துணி, 2 மி.மீ. அட்டை போதும். ராக்சின் வேண்டாம். கொஞ்ச காலத்தில் பிசுபிசுத்துப் பக்கத்துப் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

பசை வீட்டிலேயே காய்ச்சலாமா? மயில்துத்தம் போட வேண்டுமா?

காய்ச்சலாம். மைதா 50 கிராம், தண்ணீர் 300 மி.லி. மைதாவை முதலில் கொஞ்சம் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைச் சூடாக்கி அதில் ஊற்றிக் கிளறுங்கள். சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம். வெண்மை மறைந்து கண்ணாடி போல மினுங்கியதும் இறக்கி, ஆறியபின் வடிகட்டி எடுங்கள். கிழிசல் ஒட்டுவதற்கு மைதாவைவிடக் கோதுமை ஸ்டார்ச் நல்லது. மைதாவில் உள்ள புரதம் பூச்சியை இழுக்கும்.

மயில்துத்தம் (தாமிர சல்பேட்) வேண்டாம். பூச்சி வராமலிருக்கப் பைண்டர்கள் காலங்காலமாகச் சேர்ப்பதுதான், பலனும் உண்டு. ஆனால் தாமிரம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி முறியச் செய்யும், குழந்தைகள் கைக்கு அது விஷம். அதற்குப் பதில் கொஞ்சமாகக் காய்ச்சுங்கள், ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் வையுங்கள், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கடையில் விற்கும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை முதுகுத் துணிக்கு மட்டும் பயன்படுத்தலாம். கதைத்தாளின் மேல் அது பட்டால் பிறகு எடுக்க முடியாது.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருக்கிறது. எடுக்கலாமா?

டேப் காய்ந்து தானாகவே உரிந்து வந்தால் மெதுவாக எடுங்கள். இறுகப் பிடித்திருந்தால் ஹேர்டிரையரைக் குறைந்த சூட்டில் சில விநாடி காட்டி, தாளோடு தாளாகப் படுக்க வைத்த கோணத்தில் இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் மை அப்படியே டேப்போடு வரும். படத்தின் மேல் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். அசிட்டோன், பெட்ரோல் வைத்துத் துடைக்கும் யோசனை எங்கிருந்து கிடைத்தாலும் கேட்காதீர்கள், வண்ண அச்சு கரைந்துவிடும்.

புதிய கிழிசலுக்கு ஜப்பானிய டிஷ்யூ என்று ஓவியப் பொருள் கடைகளில் விற்கும் மெல்லிய நார்த்தாள் வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 10 கிராம் எடை அல்லது அதற்கும் குறைவானது. கத்தரிக்காமல், ஈரத் தூரிகையால் கோடிழுத்துக் கையால் பிய்த்தெடுங்கள். பிய்த்த ஓரத்தில் நார் நீட்டியிருப்பதால் ஒட்டிய தடம் தெரியாது. பசையை நீர்க்கத் தடவி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள்.

தாள் தொட்டாலே ஒடிகிறது. லேமினேஷன் செய்யலாமா?

கூடாது. சூடு தாளை இன்னும் கெடுக்கும், உள்ளே அடைபட்ட அமிலம் வேலை செய்துகொண்டேயிருக்கும், திரும்ப எடுக்கவும் வழியில்லை. பழைய இதழ்த்தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து அமிலமாகிறது. பழுப்பும் ஒடிவும் அதன் விளைவு. வீட்டு முறையில் இதைப் பின்னோக்கித் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கலாம்: இருட்டு, குளிர்ச்சி, குறைந்த ஈரம்.

வெற்றோரத்தின் ஒரு மூலையை ஒரே ஒரு முறை மெதுவாக மடித்துப் பாருங்கள். உடைந்து கையில் வந்தால் அந்தத் தொடரை மீண்டும் பைண்டு செய்யாதீர்கள். பாலியெஸ்டர் உறையில் தாள்தாளாகப் போட்டு அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, ஸ்கேன் செய்து படியெடுத்துவிடுங்கள். பிவிசி உறை ஆகாது. உடையாத பழைய பைண்டிங்கையும் 180 பாகைக்கு விரிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்து, 90 முதல் 100 பாகைக்குள் திறந்து படியுங்கள். தையல் கோட்டில் தாள் முறிவது பெரும்பாலும் விரித்து அழுத்துவதால்தான்.

பூச்சிக்கு என்ன செய்வது?

எந்தப் பூச்சி என்று பாருங்கள். ஓரமும் அட்டை மேற்பரப்பும் சுரண்டப்பட்டிருந்தால் ராமபாணப் பூச்சி. வெள்ளியாக மினுங்கி ஓடும், பசையையும் ஸ்டார்ச்சையும் தின்னும். ஊசித் துளை போல் வட்டமாகப் பக்கம் பக்கமாக ஊடுருவியிருந்தால் வண்டின் புழு. மண் ஒட்டியிருந்தால் கரையான், அப்போது புத்தகத்தை விட்டுவிட்டுச் சுவரைக் கவனியுங்கள்.

முதல் இரண்டுக்கும் உறைய வைப்பதுதான் சிறந்த வழி. புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, டேப்பால் அடைத்து, மைனஸ் 18 டிகிரி செல்சியஸோ அதைவிட அதிகக் குளிரோ உள்ள ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் ஈரம் படியும், பூச்சிக்குப் பதில் பூசணம் வரும். பூசணம் ஏற்கெனவே உள்ளதற்கு இந்த வழி உதவாது.

வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரியில் வைப்பதால் தீங்கில்லை, ஓரளவு உதவும். வேப்பிலை வைத்தால் நன்றாக உலர்ந்தது வையுங்கள், பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும். நாஃப்தலின் உருண்டை படுக்கையறையில் வேண்டாம். இவை எல்லாவற்றையும்விட, அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும், மாதம் ஒரு முறை தூசு தட்டுவதும் பலன் தரும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் எளிதில் 70 சதவீதத்தைத் தாண்டும். 65-க்கு மேல் நீடித்தால் பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். மொட்டைமாடி வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் மின்விசிறிக்கு அடியில் போதும்.

சரஸ்வதி பூஜையன்று வைத்துப் பொட்டு வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள், பொட்டை மட்டும் புத்தகத்தின் மேல் வைக்காதீர்கள். குங்குமமும் சந்தனமும் காலிகோவில் இறங்கினால் போகாது. வெள்ளைத்தாள் பட்டை ஒன்றை வெட்டி அதில் பொட்டு வைத்து, அட்டையைச் சுற்றிப் போடுங்கள். விளக்கிலிருந்து எட்ட இருக்கட்டும், எண்ணெய்த் துளி பொட்டைவிட மோசம். வருடத்துக்கு ஒரு முறை எல்லாப் புத்தகமும் அலமாரியிலிருந்து வெளியே வருவது அன்றுதான். அடுக்கும்போதே ஒவ்வொன்றின் முதுகையும் உள்ளோரத்தையும் பார்த்துவிடுங்கள். அன்று படிக்கத்தான் கூடாது, பார்க்கத் தடையில்லை.

இரவல் கேட்கிறார்கள்.

நகலைக் கொடுங்கள். நகல் இல்லையென்றால் வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

குடும்பமாகவோ நண்பர் குழுவாகவோ இதை வைத்து என்ன செய்யலாம்?

வந்த விதத்திலேயே படிப்பதுதான் மிகச் சிறந்தது. வாரம் ஒரு நாள், ஒரு இதழில் வந்த அளவு மட்டும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்க. படத்தைப் படிப்பதற்கு முன் காட்டாமல், அந்தக் கட்டம் வந்தபின் சுற்றுக்கு விடுங்கள். ‘தொடரும்’ என்றதும் புத்தகத்தை மூடி, அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டு அடுத்த வாரம் பிரிக்கலாம். முன்பே கதை தெரிந்தவர் ஒருவர் எப்போதும் இருப்பார். படிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தால் வாயடைத்துப்போவார்.

முதல் முறைக்கு நீண்ட தொடரை எடுக்காதீர்கள். வாரம் ஒரு அத்தியாயம் என்றால் 293 அத்தியாயத்துக்கு ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் குழு கலைந்துவிடக்கூடும். ஆறு மாதத்தில் முடியும் 25 வாரத் தொடராக எடுங்கள். மறுபக்க விளம்பரத்தையும் யாராவது படித்துக்காட்டட்டும். குழந்தைகள் கதையைவிட அதற்குத்தான் அதிகம் சிரிக்கிறார்கள்.

படியெடுக்கும்போது மறுபக்க எழுத்தும் சேர்ந்து தெரிகிறதே?

தாளுக்குப் பின்னால் கறுப்புத்தாள் ஒன்றை வையுங்கள். வெள்ளைப் பின்னணிதான் மறுபக்க மையைக் காட்டிக்கொடுக்கிறது. கறுப்பு வெள்ளைப் பக்கமானாலும் வண்ணத்திலேயே படியெடுங்கள். எழுத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), கோட்டோவியத்துக்கு 600. ஏ4 அளவுப் பக்கம் 300 டிபிஐ வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால், 26 எம்பி அளவுக்கு வரும். 312 பக்கத் தொகுதிக்கு 8 ஜிபி ஒதுக்கிக்கொள்ளுங்கள். இறுக்கமான பைண்டிங்கைக் கண்ணாடி ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள். செல்போனைத் தாங்கியில் பொருத்தி, இருபுறமும் சாய்வாக விளக்கு வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கோப்புக்கு இதழ், ஆண்டு, மாதம், தேதி, பக்கம் என்ற வரிசையில் பெயரிட்டால் தானாகவே அடுக்கிக்கொள்ளும்.

அதை இணையத்தில் போடலாமா?

சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் படியெடுப்பது வேறு, ஊருக்கே கொடுப்பது வேறு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். 1965-இல் இறந்தவரின் எழுத்து 2025 டிசம்பர் 31 வரை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை அதற்கு முன்பே வெளியிடலாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எழுத்தாளரின் உரிமை வேறு, ஓவியரின் உரிமை வேறு. கதை நாட்டுடைமை ஆகிவிட்டது என்பதால் அதோடு வந்த படமும் பொதுவாகிவிடாது. ஓவியர் இறந்த ஆண்டிலிருந்து தனிக்கணக்கு போட வேண்டும்.

படத்தில் ராணிக்கு யாரோ நீல மையில் மீசை வரைந்திருக்கிறார்கள். அழிக்கலாமா?

மை அழியாது, தாள்தான் ஓட்டையாகும். விட்டுவிடுங்கள். பென்சில் என்றாலும் யோசியுங்கள், அதுவும் அந்த வீட்டு வாசகர் ஒருவரின் கைவேலைதான்.

நடுவில் நான்கு வாரம் இல்லை. எங்கே தேடுவது?

எழும்பூர் கன்னிமாரா நூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களிலும் இதழ்களிலும் ஒரு பிரதி பெறும் வைப்பு நூலகங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த புத்தகங்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994-இல் தொடங்கியது. ஈழத்து இதழ்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் மின்னூலகத்தை முதலில் பாருங்கள்.

போய்க் கேட்கும்போது கதையின் பெயரைச் சொன்னால் புத்தகப் பதிப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். இதழின் பெயரும் தேதியும் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் விடுபட்ட இடத்துக்கு முந்தைய வாரத்துத் தேதியோடு ஏழேழு நாளாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் சேர்த்தே கேளுங்கள், ஏனென்றால் ஆசிரியர் உடல்நலக் குறைவால் அந்த வாரம் அத்தியாயம் வரவில்லை என்ற அறிவிப்பு மட்டும் இருந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் பைண்டிங்கில் ஒன்றும் குறையவில்லை. கிடைத்த பக்கத்தை நகலெடுத்து, பைண்டிங்கைப் பிரிக்காமல், உரிய இடத்தில் ஒட்டாமல் செருகி வைத்தால் போதும்.